பழைய கல்லூரி நண்பனைப் பார்க்க அரை நாள்தான் இருக்கிறது: போகலாமா, தள்ளிப்போடலாமா?

நடைவண்டி

அடுத்த வாரம் வேலை விஷயமாக ஒரு பயணம். போகிற வழியில் ஒரு சிறிய ஊர். கல்லூரியில் என் அறைத்தோழனாக இருந்தவன் அங்கேதான் இருக்கிறான். படிப்பு முடிந்ததும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினான், அங்கேயே பள்ளி ஆசிரியராகிவிட்டான். நான் வேலைக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டே இருக்கிறேன். பிறந்த நாள் வாழ்த்து, பிள்ளைகளின் படங்கள், தெரிந்தவர் யாராவது இறந்தால் ஒரு செய்தி, எங்கள் தொடர்பு இவ்வளவாகச் சுருங்கிவிட்டது. நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன.

காலை 11 மணிக்கு இறங்கினால் மாலை கடைசிப் பேருந்துக்குள் கிளம்பியாக வேண்டும். அன்று அவனுக்கும் வேலை நாள். "இத்தனை வருஷம் கழித்துப் போகிறீர்கள், இரண்டு நாளாவது தங்குகிற மாதிரி போங்கள். அரை நாள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் அவர் மனசு சங்கடப்படாதா?" என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரைப் பயணச்சீட்டில் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. இப்படிக் குறைந்த நேரத்தில் போய் வந்தவர்கள், உங்கள் வீட்டுக்கு இப்படி ஆள் வந்து போனவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

இரவுப்பணி

போங்கள், யோசிக்க வேண்டாம். நடுவயதில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு நாள் ஓய்வு அமைவது லேசில்லை. அவருக்கு லீவு கிடைக்கும்போது உங்கள் பிள்ளைக்குத் தேர்வு இருக்கும். உங்களுக்குக் கிடைக்கும்போது அவர் அப்பா மருத்துவமனையில் இருப்பார். இப்போது அரை நாள் தானாக வந்திருக்கிறது, அதை விடாதீர்கள்.

போனதும் மற்ற அறைத்தோழர்களையும் வீடியோ அழைப்பில் கூப்பிடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சேர்ந்த மாதிரி இருக்கும்.

தாழ்வாரம்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை நாளில் போவது அவருக்குப் பாரம். வருகிறவருக்கு அது அரை நாள். வரவேற்கிறவருக்கோ முந்தைய நாள் வீட்டைச் சுத்தம் செய்வதில் ஆரம்பித்து, லீவு கேட்பது, சமையல், பேருந்து நிலையத்துக்கு இரண்டு முறை போய் வருவது என்று நீண்டுகொண்டே போகும். அதிலும் பாதி வேலை அவர் மனைவி தலையில் விழும். அந்தப் பெண் உங்களை முன்பின் பார்த்ததுகூட இல்லை. இவ்வளவு செய்தும் கடைசியில் "சரியாகப் பேசக்கூட முடியவில்லையே" என்ற குறைதான் மிஞ்சும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு நிதானமாக ஒரு மணி நேரம் பேசுங்கள். நேரில் போவது என்றால் நேரம் ஒதுக்கிப் போக வேண்டும்.

வெண்பலகை

நான் உளவியல் படித்துவிட்டு அதையே கற்பிக்கிறவள். தாழ்வாரம் சொல்லும் போன் யோசனைக்கு மட்டும் ஒரு பதில்.

சாம் ராபர்ட்ஸ், ராபின் டன்பார் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பள்ளி முடித்துப் பிரிந்துபோன மாணவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2015இல் எழுதினார்கள். தொடர்பு குறையக் குறைய நட்பின் நெருக்கமும் குறைந்தது. அதைத் தடுத்தது எது என்று பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பெண்களின் நட்பைப் பேச்சு தாங்கிப் பிடித்தது. ஆண்களுக்கு அந்த அளவுக்குப் பேச்சு உதவவில்லை, சேர்ந்து ஏதாவது செய்ததுதான் உதவியது. இது சராசரிதான், எல்லா ஆண்களும் இப்படி என்று சொல்ல முடியாது. ஆனால் வாழ்த்துச் செய்தி அளவில் நின்றுபோன ஒரு நட்புக்கு, போனில் ஒரு மணி நேரத்தைவிட அவரோடு ஒரு வேலையாகப் போய் வருகிற ஒரு மணி நேரம் அதிகம் செய்யும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. "போனால் அவருக்குத் தொந்தரவு" என்ற நினைப்பே பெரும்பாலும் நம் தலைக்குள் நாம் போடும் கணக்கு. பெகி லியுவும் உடன் பணியாற்றியவர்களும் 2022இல் இதைப் பல சோதனைகளில் பார்த்தார்கள். தொடர்பு கொள்கிறவர் நினைத்ததைவிட, அதைப் பெற்றவர் அதிகமாக மகிழ்ந்தார். எதிர்பாராமல் வந்த தொடர்பு என்றால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடியது. அவர்கள் பார்த்தது குறுஞ்செய்தி, சின்னப் பரிசு மாதிரியான விஷயங்கள். வீட்டுக்கு வருகிற ஆளுக்குச் சமையல் வேண்டும், குறுஞ்செய்திக்கு வேண்டாம். அந்த வகையில் தாழ்வாரம் சொல்வது உண்மைதான்.

நடைவண்டி

சரி, போவது என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். சொல்லாமல் போய் நின்றால் எப்படி இருக்கும்? எதிர்பாராதது இன்னும் சந்தோஷம் என்று வேறு சொல்கிறார்களே.

மழைத்துளி

வேண்டாம் அண்ணா. வீட்டுக்குள் இருக்கிற ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். குறுஞ்செய்தி எதிர்பாராமல் வரலாம், ஆள் அப்படி வரக்கூடாது. அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் ஊருக்குத் திரும்பினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர்களுக்கு என்ன நாளோ.

இப்போதே அவருக்கு எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம் வருகிறேன், இன்ன நேரம் கிளம்பியாக வேண்டும். லீவு போடாதே. நீ எங்கே இருக்கிறாயோ அங்கே வருகிறேன். வீட்டில் எதுவும் தனியாக ஏற்பாடு வேண்டாம், நீங்கள் சாப்பிடுவதே எனக்கும் போதும். இந்த நான்கையும் எழுதிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அப்புறம் அவர் மனைவியோடும் உட்கார்ந்து பேசுங்கள். நண்பர்கள் வந்தால் எங்களுக்குப் பெரும்பாலும் அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "கல்லூரியில் உங்கள் கணவர் எப்படி இருந்தார் தெரியுமா" என்று ஆரம்பித்தால், எங்களுக்குத் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி நாங்களும் தெரிந்துகொள்வோம். கேலி செய்கிற கதையாக மட்டும் இருக்க வேண்டாம். நல்ல கதையும் ஒன்று வேண்டும்.

தாழ்வாரம்

வரும் முன்னாலேயே "இத்தனை மணிக்குக் கிளம்புகிறேன்" என்று சொல்வது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. அலுவலகக் கூட்டத்துக்கு நேரம் குறித்த மாதிரி.

வெண்பலகை

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முன்பின் தெரியாதவர்களை இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டு, எந்த இடத்தில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேருமே விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல் 2 சதவீதம்தான். சிலருக்கு இன்னும் பேச வேண்டியிருந்தது, சிலருக்கு எப்போதோ போதும் என்றாகிவிட்டது. நெருக்கமானவர்களோடு கடைசியாகப் பேசியதைப் பற்றிக் கேட்டபோதும், பெரும்பாலோர் தாங்கள் விரும்பிய நேரத்தில் அது முடியவில்லை என்றே சொன்னார்கள். மனசில் இருப்பதை மரியாதைக்காக மறைத்துவிடுகிறோம். மற்றவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கவும் முடிவதில்லை.

கடைசிப் பேருந்து இன்ன நேரம் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், "இவன் இரவு தங்குவானா" என்று அவரும் யோசிக்க வேண்டாம், "கிளம்பினால் தப்பாக நினைப்பானோ" என்று இவரும் யோசிக்க வேண்டாம். அந்த யோசனை இல்லாத நாலு மணி நேரத்தில் நிறையப் பேசலாம்.

சிற்றூர்வாசி

எல்லோரும் போகிறவர் பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் அந்த ஊர்க்காரர் பக்கம். சிறிய ஊரில் இருந்துகொண்டு வெளியூரிலிருந்து வரும் கல்லூரி நண்பர்களை வரவேற்கிறவன்.

முதலில், வாருங்கள். ஒரு மணி நேரம் என்றாலும் வாருங்கள். எங்கள் ஊர் வழியாகவே போய்விட்டு, ஒரு மாதம் கழித்து "உன் ஊரைத் தாண்டித்தான்டா போனோம், நேரமில்லை" என்று சொல்கிறார்களே, அதுதான் வலிக்கும். கொஞ்ச நேரம் மட்டும் வந்தவர் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை.

வந்து இறங்கியதும், "என்ன அமைதியான ஊர், நீ கொடுத்து வைத்தவன்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் உங்கள் நண்பர் அப்பாவுக்காகத் திரும்பியவர். அவர் மனசில் வேறு ஆசைகள் இருந்திருக்கலாம். அமைதியான வாழ்க்கை என்று நீங்கள் முத்திரை குத்திவிட்டால், அப்பாவுக்கு மூச்சுத் திணறினால் பெரிய மருத்துவமனைக்கு எத்தனை நேரம் ஆகும் என்பதையோ, வருடா வருடம் பள்ளியில் பிள்ளைகள் குறைவதையோ அவர் எப்படி உங்களிடம் சொல்வார்? "இங்கே எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ" என்பதும் அதே ரகம்தான். இரண்டிலுமே வந்த பத்து நிமிடத்தில் ஒருவருடைய வாழ்க்கைக்கு நீங்கள் மதிப்பெண் போட்டுவிடுகிறீர்கள்.

அதற்குப் பதில் "இன்றைக்கு உனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவரோடு போங்கள். கடைக்கோ, வங்கிக்கோ, அப்பாவுக்கு மருந்து வாங்கவோ. சிறிய ஊரில் ஒருவர் யார் என்பது அவரோடு தெருவில் நடந்தால்தான் தெரியும். நாலு பேர் வண்டியை நிறுத்தி விசாரிப்பார்கள், ஒரு கிழவி மனு எழுதித் தரச் சொல்வாள், பழைய மாணவன் ஒருவன் ஓடிவந்து நிற்பான். விடுதியில் கடைசியாக எழுந்து வகுப்புக்கு ஓடியவன் என்றுதான் உங்களுக்கு அவரைத் தெரியும். இந்த மனிதரை உங்களுக்குத் தெரியாது. பழைய கதையை மட்டும் பேசிவிட்டுப் போனால், அவர் இருபது வயதில் நின்றுபோன மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு அதுதான் பெரிய குறை. வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பையனைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், எங்களைப் பார்ப்பதில்லை.

அப்புறம், "எங்கள் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லையே" என்று அவருக்கு ஒரு கூச்சம் இருக்கும். அதனால் எங்கேயோ தொலைவில் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகப் பார்ப்பார். மறுத்துவிடுங்கள். இருக்கிற நேரம் சாலையில் கரைந்துவிடும். வீடியோ அழைப்பும் வேண்டாம், இரவுப்பணி மன்னிக்கவும். ஐந்து முகங்கள் திரையில் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், எதிரே உட்கார்ந்திருக்கிறவர் காணாமல் போய்விடுவார். அந்தக் கூட்டத்தில் சம்பளம், வீடு, வெளிநாடு என்றும் பேச்சு போகும்.

இரவு தங்குவதாக இருந்தால் வீடா விடுதியா என்று அவரையே கேட்டிருக்கலாம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இரவுப்பணி

வீடியோ அழைப்பு யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், சிற்றூர்வாசி. நீங்கள் சொல்கிற கோணத்தில் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நடைவண்டி

போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மழைத்துளி சொன்ன நான்கையும் எழுதி அனுப்பினேன். "பள்ளிக்கே வா, மதியத்துக்கு மேல் எனக்கு வகுப்பில்லை" என்று உடனே பதில் வந்தது. வகுப்பு முடியும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் குரல். கல்லூரியில் கருத்தரங்கம் என்றால் கை நடுங்குகிறவன், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கமாட்டான். இங்கே பின்ன எண்களைக் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறான், தப்பாகச் சொன்ன பிள்ளையிடம் "எப்படி யோசித்தாய், அதைச் சொல்லு" என்று பொறுமையாகக் கேட்கிறான். இப்படி ஒரு ஆசிரியர் எனக்குக் கிடைத்ததில்லை. வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் அவனால் பேச முடியவில்லை.

"இன்றைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். அப்பாவுக்குக் காலில் கட்டு மாற்ற வேண்டும், அதைத் தள்ளிப்போட்டிருப்பதாகச் சொன்னான். ஏன் என்றால் நான் வருகிறேனாம். தள்ளிப்போடாதே என்று சொல்லி மூன்று பேருமாகப் போனோம். அப்பாவின் ஒரு கையை அவன் பிடித்துக்கொள்ள, இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். என் பெயர் அவருக்கு நினைவில்லை, ஆனால் விடுதிக்கு அவர் வரும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் என்று நினைவிருந்தது. மருத்துவருக்காகக் காத்திருந்தபோதுதான் எங்கள் உண்மையான பேச்சு நடந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு. திரும்பி வந்த முதல் இரண்டு வருடம் என் மேல் கோபமாக இருந்தது என்றான். நான் எதுவும் செய்ததற்காக இல்லை, நான் வெளியே இருந்தேன், அவன் உள்ளே இருந்தான், அவ்வளவுதான். அதனால்தான் அந்த நாட்களில் என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. இப்போது கோபம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும் என்று இருந்ததாம். போனில் இது வந்திருக்காது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

வீட்டில் சாப்பிட்டோம். அவன் மனைவியிடம் நல்ல கதை ஒன்று சொன்னேன். மூன்றாம் ஆண்டில் என்னிடம் தேர்வுக் கட்டணம் கட்டப் பணமில்லை, அவன்தான் கட்டினான், அது இல்லாவிட்டால் நான் அந்தப் படிப்பையே முடித்திருக்க மாட்டேன் என்று. அவன் குறுக்கே வந்து, "நான் இல்லைடா, பக்கத்து அறையில் இருந்தானே, அவன்தான் கொடுத்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையில் கொடுத்தான்" என்றான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் நன்றியை இவனுக்குச் செலுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கொடுத்தவனோடு எனக்குத் தொடர்பே இல்லை.

கடைசிப் பேருந்தைப் பிடித்துவிட்டேன். அரை நாள் குறைவு என்று அங்கே இருந்தவரை எனக்குத் தோன்றவில்லை. நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கேட்காமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

சிற்றூர்வாசி

வராந்தாவில் உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்காக உங்களுக்கு நன்றி. அவர் சார்பில் சொல்கிறேன்.

தாழ்வாரம்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. வேலை நாளாக இருந்ததுதான் நல்லதாகப் போயிற்று என்று ஒத்துக்கொள்கிறேன். லீவு நாளில் போயிருந்தால் அந்த வகுப்பை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஒன்றில் நான் மாறவில்லை. உங்கள் நண்பரின் மனைவி அன்று கூடுதலாகச் சமைத்திருப்பார், கூடுதலாகப் பாத்திரம் தேய்த்திருப்பார். அடுத்த முறை அவர்கள் உங்கள் ஊருக்கு வரும்போது, அவர் அடுப்படிப் பக்கமே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைவண்டி

நியாயம். கோடை விடுமுறையில் வரச் சொல்லியிருக்கிறேன். சமைப்பது நானும் என் மகனும். பாத்திரம் தேய்ப்பதும் நாங்கள்தான்.

வெண்பலகை

அந்தக் கட்டண விஷயம். நெருங்கிய மனிதர்கள் நினைவுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980களில் எழுதினார். எதை நான் நினைவில் வைக்க வேண்டும், எதற்கு இன்னொருவரைக் கேட்டால் போதும் என்று பேசாமலே ஓர் ஏற்பாடு நடந்துவிடுகிறது. பிரியும்போது அவரிடம் இருந்த பங்கு அவரோடு போய்விடுகிறது. உங்கள் வாழ்க்கையின் ஒரு முக்கியமான தகவல் அந்தச் சிறிய ஊரில் அத்தனை வருடம் இருந்திருக்கிறது. நீங்கள் நல்ல கதை ஒன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. அவர் அதைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. உடனே திருத்தினார் பாருங்கள்.

பக்கத்து அறைக்காரரைத் தேடுவீர்களா?

நடைவண்டி

எண் கிடைத்துவிட்டது, இவனிடமே இருந்தது. ஆனால் எழுதத் தைரியம் வரவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது? அவனுக்கு என்னை நினைவிருக்குமா? இத்தனை வருடம் கழித்துப் பணத்தைப் பற்றிப் பேசினால் தப்பாக எடுத்துக்கொள்வானோ?

வெண்பலகை

இது உங்களுக்கு மட்டும் வருகிற தயக்கம் இல்லை. லாரா அக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு பேச ஆசை இருந்தவர்கள், அவருக்கும் அது பிடிக்கும் என்று நம்பியவர்கள், அவருடைய எண்ணோ முகவரியோ கையில் இருந்தவர்கள், இவர்களுக்குச் செய்தி எழுதவும் அனுப்பவும் நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் மூன்றில் ஒரு பங்குப் பேர்கூட அனுப்பவில்லை. அடுத்து ஒரு வழி கண்டார்கள். முதலில் மூன்று நிமிடம், இப்போது தொடர்பில் இருக்கிற நண்பர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பழைய நண்பருக்கு அனுப்பியவர்கள் 53 சதவீதம். அந்த மூன்று நிமிடம் சமூக ஊடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 31 சதவீதம். அதனால் முதலில் உங்கள் ஆசிரியர் நண்பருக்கு ஏதாவது எழுதுங்கள், அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கையோடு இவருக்கும் எழுதிவிடுங்கள்.

மழைத்துளி

முதல் செய்தியிலேயே பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லாதீர்கள் அண்ணா. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கொடுத்தவர் அவர். "அன்றைக்கு நீ செய்தது இப்போதுதான் தெரிந்தது, உன்னால்தான் நான் படிப்பை முடித்தேன்" என்று மட்டும் எழுதுங்கள். பதிலை அவர் போக்கில் எழுதட்டும்.

நடைவண்டி

மழைத்துளி சொன்ன வரியை அப்படியே, என் பெயரும் அறை எண்ணும் சேர்த்து அனுப்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவனே போனில் கூப்பிட்டான். இப்போது அவன் இருப்பதும் ஒரு சிறிய ஊர்தான், ஆசிரியன் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். மூன்று பேரும் சேர ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்குக் கடை, ஞாயிறு மட்டும்தான் மூடுவான். வேலை நாளிலேயே போகலாம், கடையில் உட்கார்ந்திருக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.